ஐந்து டாலர் கச்சேரிகளின் கதை: சனிக்கிழமை இலவசத் திரையிடல்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மேரிலாந்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பொது நூலகத்தில் 'சாலட் டேஸ்' என்னும் ஆவணப்படத்தைக் கட்டணமின்றித் திரையிடுகிறார்கள். ஸ்காட் கிராஃபோர்ட் இயக்கத்தில் 2014இல் வெளிவந்த இப்படம், 1980களில் வாஷிங்டன் நகரில் வளர்ந்த ஹார்ட்கோர் பங்க் இசையைப் பற்றியது; ராக் இசையின் முரட்டு வடிவமான பங்க்கை இன்னும் வேகமாகவும் ஆவேசமாகவும் இசைப்பதுதான் ஹார்ட்கோர். பங்க் என்றாலே வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் நண்பர்களுக்காகவே இன்று பேசுகிறேன். பாட்டு காதுக்கு ஒவ்வாமல் போனாலும், அந்த இளைஞர்கள் காசை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்காகவாவது நீங்கள் வர வேண்டும்.

டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பருவத்துக் குழு, கச்சேரிகளில் கிடைத்த சொற்ப வருமானத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் சேர்த்து வந்தது. 1980இன் இறுதியில் குழு கலைந்தபோதும், சேர்ந்திருந்த ஏறத்தாழ 600 டாலரைப் பங்கு போடாமல், அதைக் கொண்டே தங்கள் எட்டுப் பாடல்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் ரெகார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். முதலில் அச்சிட்டவை 1,000 தட்டுகள். உறைகளைக் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாததால், ஏற்கெனவே இருந்த ஓர் உறையைப் பிரித்து அளவெடுத்து, தாங்களே கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள்.

அன்று இசையரங்குகள் பலவும் மது விற்பனையை நம்பியே நடந்ததால், வயது குறைந்த ரசிகர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். இதே குழுவினர் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றபோது, அங்கிருந்த ஓர் அரங்கில் சிறுவர்களின் கையில் பெருக்கல் குறி இட்டு, அவர்களுக்கு மது தரக்கூடாது என்பதை அடையாளப்படுத்தி உள்ளே அனுமதித்ததைக் கண்டார்கள். ஊர் திரும்பியதும் அந்த ஏற்பாட்டை வாஷிங்டன் அரங்குகளிடமும் கேட்டுப் பெற்றார்கள். வாசலில் நிற்க வைக்கப்பட்டவர்கள் உள்ளே போக வழி தேடியதிலிருந்துதான் இந்த இசையின் கொள்கைகள் பலவும் பிறந்தன என்பது என் கருத்து. பின்னாளில், டீன் ஐடில்ஸில் இருந்த இயன் மெக்கேயின் ஃபுகாஸி குழு, எந்த வயதினரும் வரலாம், நுழைவுச் சீட்டு ஐந்து டாலரைச் சுற்றியே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றதும் இதன் தொடர்ச்சிதான். அதனால் இப்படத்துக்கு நூலகம் கட்டணம் வாங்காதது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: பேட்டிகள் நிறைய, முழுதாகக் கேட்கக் கிடைக்கும் பாடல்களோ குறைவு. ஆகவே வருவதற்கு முன், இந்த வேகத்துக்கே வழிகாட்டிய கறுப்பினக் குழுவான பேட் பிரெய்ன்ஸின் இரண்டு பாடல்களையாவது கேட்டுவிடுங்கள். வாஷிங்டனின் மண்ணிசையான, தாளம் மிகுந்த ஆட்ட இசையான கோ-கோவையும் கூடவே கேட்கலாம். டீன் ஐடில்ஸுக்குப் பின் மெக்கே பாடிய மைனர் த்ரெட் குழு 1983இல் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியபோது, ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவும் அதே மேடையில் வாசித்தது.

முன்பதிவு தேவையில்லை; ஆனால் கூடம் சிறியது, ஆகவே சற்று முன்னதாக வந்தால் இடம் கிடைக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள்.