மேப்புக்குள் லிஸ்ட் வைத்தால் ஜாக்ஸ்பி என்ன செய்கிறது தெரியுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருக்கிறேன். சோப் (SOAP) சர்வீஸ் ஒன்று, அதாவது எக்ஸ்எம்எல்லில் பேசும் வெப் சர்வீஸ். குழு வாரியாகப் பெயர்களைத் தர வேண்டும்; அதாவது ஒரு மேப், கீ ஸ்ட்ரிங், வேல்யூ லிஸ்ட். ஜாவாவில் தினமும் எழுதுகிற விஷயம்தான். ஆனால் சர்வரை ஏற்றியதுமே, ஜாவா ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக்கித் திரும்பப் படிக்கும் லைப்ரரியான ஜாக்ஸ்பி (JAXB) கத்துகிறது: லிஸ்ட் ஒரு இன்டர்ஃபேஸ், இன்டர்ஃபேஸை என்னால் கையாள முடியாது.

இந்த எரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. சத்தம் போட்டு விழுகிற புரோகிராம்தான் எனக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கோபமெல்லாம் இதற்குச் சொல்லப்படும் வைத்தியத்தின் மேல்தான்: லிஸ்ட்டை அர்ரேலிஸ்ட் ஆக்கிவிடு, எரர் போய்விடும். போய்விடும், கூடவே டேட்டாவும் போய்விடும்! வருகிற எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள். என்ட்ரி இருக்கிறது, அதற்குள் கீ சரியாக இருக்கிறது, பக்கத்தில் வேல்யூ டேக், உள்ளே ஒன்றுமே இல்லை. எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. இதைவிட மோசமான நடத்தை எனக்குத் தெரிந்து கிடையாது.

காரணம் இதுதான். ஃபீல்டிலேயே நேராக லிஸ்ட் இருந்தால், அது கலெக்‌ஷன் என்று ஜாக்ஸ்பிக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து எழுதும். மேப்பின் வேல்யூவாக வந்தால் அந்தச் சலுகை கிடையாது. மற்ற கிளாஸ்களைப் போலவே கெட்டர், செட்டர் ஜோடியைத் தேடும். அர்ரேலிஸ்ட்டில் அப்படி எதுவும் இல்லையே, அதனால் காலி. போன வீடியோவில் காட்டிய எக்ஸ்எம்எல்எலிமென்ட்ராப்பரும் இங்கே உதவாது. அது வெளியே ஓர் உறை போடும், அவ்வளவுதான்.

சரி, வழி? சின்னதாக ஒரு கிளாஸ், அதற்குள் ஸ்ட்ரிங் லிஸ்ட் மட்டும் ஒரு ஃபீல்டு. மேப்பின் வேல்யூவாக அந்தக் கிளாஸைக் கொடுத்தால் போதும், பெயர்கள் எல்லாம் வந்துவிடும். என்ட்ரி, கீ, வேல்யூ என்ற பெயர்களையும் மாற்ற வேண்டுமா? எக்ஸ்எம்எல்அடாப்டரை நீட்டித்து, மார்ஷலில் (எக்ஸ்எம்எல் எழுதும்போது) மேப்பை என்ட்ரி லிஸ்ட் வைத்த கிளாஸாக மாற்றுங்கள், அன்மார்ஷலில் (படிக்கும்போது) திருப்புங்கள். ஃபீல்டின் மேல் எக்ஸ்எம்எல்ஜாவாடைப்அடாப்டர் அனோட்டேஷனைப் போடுங்கள். உங்கள் மேப் அப்படியே இருக்கும், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அட, ஒன்று விட்டுப்போச்சு. அனோட்டேஷனை ஃபீல்டில் போட்டால் கிளாஸின் மேல் எக்ஸ்எம்எல்ஆக்ஸஸர்டைப் ஃபீல்டு என்றும் போடுங்கள். இல்லையென்றால் பப்ளிக் கெட்டர், செட்டரையும் சேர்த்து எண்ணி, ஒரே பெயரில் இரண்டு பிராப்பர்ட்டி என்று அடுத்த எரர் வரும்.

அன்மார்ஷலில் ஹேஷ்மேப் வேண்டாம், லிங்க்டுஹேஷ்மேப் போடுங்கள். எக்ஸ்எம்எல்லில் வந்த வரிசை அப்படியே நிற்கும்.

அப்புறம், ஜாவா 11-இல் இருப்பவர்களுக்கு: ஜாக்ஸ்பி இப்போது ஜேடிகேயோடு வராது, டிபென்டென்சியாகத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஜகார்த்தா இஇ 9-க்குப் போனவர்கள் இம்போர்ட்டில் ஜாவாக்ஸ் என்பதை ஜகார்த்தா என்று மாற்றுங்கள். மாற்றிவிட்டு, ஒரு மேப்பை எக்ஸ்எம்எல் ஆக்கி, திரும்பப் படித்து, இரண்டும் சமமா என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். காலி வேல்யூ அங்கேயே மாட்டிக்கொள்ளும்.