போலி லைக் பட்டனும் ஃபேஸ்புக்கின் கோபமும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கம்பெனியின் பட்டனைப் பார்த்து இன்னொரு இணையதளம் அதே மாதிரி வரைந்து வைத்துக்கொண்டால், திருட்டு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 2011இல் ஜெர்மனியில் நடந்த ஒரு விவகாரத்தில் காப்பியடித்தவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன், முழுசாக இல்லாவிட்டாலும்.

ஃபேஸ்புக் 2010 ஏப்ரலில் தன் லைக் பட்டனை மற்ற இணையதளங்களும் வைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. பார்க்கச் சின்னப் படம் மாதிரி இருந்தது, ஆனால் அது படம் இல்லை. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது ஃபேஸ்புக்கின் சர்வரிலிருந்து வந்து உட்கார்ந்தது. அப்படி வரும்போதே உங்கள் ஐபி முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதும் அங்கே போய்விட்டன, ஃபேஸ்புக்கில் லாகின் செய்திருந்தால் படிப்பது யார் என்பதும் சேர்ந்து. நீங்கள் பட்டனைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை!

2011 ஆகஸ்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம், தன் எல்லைக்குள் இருக்கும் இணையதளங்கள் அந்தப் பட்டனை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் 50,000 யூரோ வரை அபராதம் வரலாம் என்று எச்சரித்தது. ஹனோவரில் கணினி இதழ்கள் நடத்தும் ஹைசே பதிப்பகம் அடுத்த மாதமே ஒரு வழி கண்டுபிடித்தது. உண்மையான பட்டன் இருக்கும் இடத்தில் அதே சாயலில் ஒரு சாம்பல் நிறப் படம், அவர்களுடைய சொந்த சர்வரிலிருந்தே வரும். அதை ஒருமுறை அழுத்தினால்தான் நிஜப் பட்டன் ஃபேஸ்புக்கிலிருந்து இறங்கும், இரண்டாவது முறை அழுத்தினால்தான் லைக் விழும். படிக்க மட்டும் வந்தவருடைய விவரம் எங்கேயும் போகாது.

ஃபேஸ்புக்குக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பட்டன் போலவே தோன்றி வேறு வேலை செய்யும் ஒன்றை வைப்பது எங்கள் விதிகளுக்கு விரோதம், பயனர்கள் குழம்புவார்கள் என்றார்கள். சரி, தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசினால் அதில் நியாயம் இருக்கிறது. லைக் பட்டன் போலத் தெரிவதை அழுத்துகிறவர் லைக் விழுந்துவிட்டது என்றுதான் நினைப்பார், அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது ஃபேஸ்புக்தான், அதைக் கடன் வாங்கியது ஹைசே. ஆனால் பயனர் குழம்பக் கூடாது என்று இவ்வளவு அக்கறைப்படும் கம்பெனி, தொடாத பட்டன் வழியாகவும் தகவல் வந்து சேருகிறது என்பதைப் பயனருக்குப் புரியும்படி அந்தப் பட்டனிலேயே சொல்லியிருக்கலாமே? குழப்பம் என்றால் அதுதான் பெரிய குழப்பம்.

ஹைசே வம்பு வளர்க்கவில்லை. படத்தை மட்டும் மாற்றினார்கள், ஃபேஸ்புக்கின் அச்சுச் சாயல் போனது, இரண்டு கிளிக் முறை அப்படியே நின்றது. நிரலை மற்ற தளங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்ததால் ஜெர்மனியில் பல இடங்களில் அது பரவியது. அப்புறம் 2014இல் அவர்களே ஷாரிஃப் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் வாசகருக்குத் தெரிவது வெறும் இணைப்புதான், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைத் தளத்தின் சர்வரே போய்க் கேட்டு வாங்கி வரும். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது, யாருடைய பட்டன் போலவும் வேஷம் போட வேண்டியதில்லை பாருங்கள்.

விவகாரம் கடைசியில் நீதிமன்றத்துக்கும் போனது, ஹைசேயை வைத்து இல்லை, லைக் பட்டன் வைத்திருந்த ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மன் துணிக்கடையின் தளத்தை வைத்து. 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பட்டனை வைக்கும் தளமும் அந்தத் தகவலைச் சேகரித்து அனுப்புவதற்கு ஃபேஸ்புக்கோடு கூட்டுப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அனுப்பிய பிறகு ஃபேஸ்புக் அதை வைத்துச் செய்வதற்கு மட்டும் தளம் பொறுப்பில்லை.