வுட்ஹவுஸ் நெஜமாவே பாட்டெழுதிச் சம்பாதிச்சாரா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். முதல்ல கேள்வியப் படிச்சிடறேன். "போன வீடியோவுல வுட்ஹவுஸ் பத்திப் பேசறப்ப, 'அவரு பிராட்வேக்குப் பாட்டெழுதிச் சம்பாதிச்ச ஆளு'ன்னு ஒரு வரி சொல்லிட்டுக் கடந்து போயிட்டீங்க. ஜீவ்ஸ் கதை எழுதினவரையா சொல்றீங்க? ஒண்ணு ரெண்டு பாட்டு எழுதிக் குடுத்தா பாடலாசிரியர்னு சொல்லிட முடியுமா? அப்படியே பெரிய பாடலாசிரியரா இருந்தா, ஒரு பாட்டுகூட நம்ம காதுல விழலையே, ஏன்?"

நல்ல கேள்வி. போற போக்குல சொன்னது என் தப்புதான், அதை நிறுத்திச் சொல்லியிருக்கணும்.

அதே வுட்ஹவுஸ்தாங்க. பெர்ட்டிங்கற பணக்கார இளைஞன், அவனோட கெட்டிக்கார வேலையாள் ஜீவ்ஸ், இவங்கள வச்சு இங்கிலீஷ்ல நகைச்சுவைக் கதை எழுதின பி.ஜி. வுட்ஹவுஸ். பிராட்வேன்னா நியூயார்க்கோட பெரிய நாடகக் கொட்டகைங்க இருக்கற பகுதி. ஒண்ணு ரெண்டு பாட்டு இல்ல. 1917ஆம் வருஷத்துல மட்டும் அவரு பேரு போட்ட புது இசை நாடகம் அஞ்சு நியூயார்க்ல மேடை ஏறிச்சு. ஒரே வருஷத்துல அஞ்சு. முழுநேரப் பாடலாசிரியர்கள்லயே எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும், சொல்லுங்க.

ஆரம்பம் லண்டன்ல. பேங்க்ல குமாஸ்தாவா ரெண்டு வருஷம் உக்காந்து பாத்துட்டு, ஆவலைன்னு 1902ல வெளிய வந்து பத்திரிகைக்கு எழுத ஆரம்பிக்கறாரு. 1904ல ஒரு நாடகத்துக்கு முதல் பாட்டு. 1906ல சீமோர் ஹிக்ஸ்னு ஒரு பெரிய நடிகர், தியேட்டர் முதலாளியும் அவரேதான், இவரை வாரத்துக்கு ரெண்டு பவுண்டு சம்பளத்துல எடுத்துக்கறாரு. வேலை என்னன்னா, ஜனங்க "ஒன்ஸ் மோர்" கேட்டா பாடறதுக்குப் புதுச் சரணம் எழுதிக் குடுக்கணும். அதே சரணத்தைத் திருப்பிப் பாடினா எடுபடாது. அன்னிக்குப் பேப்பர்ல என்ன வந்திருக்கோ அதை வச்சுக் கிண்டலா நாலு வரி வேணும்.

அந்த இடத்துலதான் ஜெரோம் கெர்ன் அறிமுகம். நியூயார்க் பையன், அப்ப வயசு 21. லண்டனுக்கு வந்து, அடுத்தவங்க நாடகத்துக்குள்ள தன் மெட்டைச் செருகிக்கிட்டிருந்தவரு. அந்தக் காலத்துல அப்படித்தான். ஒரு நாடகத்துக்கு ஒரே இசையமைப்பாளர்னு கிடையாது, பாட்டு எங்கிருந்து வேணாலும் வரும். ரெண்டு பேரும் சேந்து ஜோசப் சேம்பர்லெய்ன்ங்கற அரசியல்வாதியக் கலாய்ச்சு ஒரு பாட்டு போட்டாங்க. இறக்குமதி வரி விவகாரத்துல நாடே ரெண்டு பட்டுக் கெடந்த நேரம். பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறம் அவங்கவங்க வழியில போயிட்டாங்க.

ஒம்போது வருஷம் தள்ளி நியூயார்க். வுட்ஹவுஸ் அங்க குடியேறிட்டாரு, கல்யாணமும் ஆயிடுச்சு. வேனிட்டி ஃபேர் பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதறாரு. 1915 டிசம்பர்ல பிரின்சஸ் தியேட்டர்ல 'வெரி குட் எடி'ன்னு ஒரு நாடகம், முதல் நாள் காட்சி. இசை கெர்ன். வசனத்துல பங்கு கை போல்டன்னு ஒருத்தருக்கு. அன்னிக்கு ராத்திரிதான் மூணு பேரும் ஒண்ணு சேந்தாங்கன்னு வுட்ஹவுஸும் போல்டனும் பிற்காலத்துல எழுதின நினைவுப் புத்தகத்துல வருது. ஒரு எச்சரிக்கை. அந்தப் புத்தகம் படிக்க ரொம்ப ஜாலியா இருக்கும், ஆனா வரிக்கு வரி நம்பாதீங்க. ரெண்டு பேருமே கதை கட்டறதுலயே பொழச்சவங்க.

இந்தப் பிரின்சஸ் தியேட்டர் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. முப்பத்தொம்பதாவது தெருவுல 1913ல கட்டினது. மொத்தம் 299 சீட்டு. ஏன் 300 இல்லன்னா, 300 தொட்டா தீயணைப்பு விதிகள் கெடுபிடியாயிடும். அதுக்குத் தப்பிக்க 299. குறு நாடகம் போடத்தான் கட்டினாங்க, அது ஓடல. எலிசபெத் மார்பரின்னு ஒரு ஏஜென்ட் அம்மா, "இங்க சின்னதா இசை நாடகம் போட்டா என்ன?"ன்னு யோசனை சொல்றாங்க. அந்தப் பக்கம் ஸீக்ஃபெல்ட் மாதிரி ஆடம்பரத் தயாரிப்பாளருங்க மாடிப்படி, இறகு, நூறு பொண்ணுங்கன்னு மேடைய ரொப்பிக்கிட்டிருக்காங்க. இங்க ரெண்டே ரெண்டு செட். வாத்தியக்காரங்க பதினோரு பேரு. கோரஸ்ல பன்னண்டு பொண்ணுங்க இருந்தா அதிகம்.

சின்ன இடம்னா பாடலாசிரியருக்கு என்ன ஆகுதுன்னா, ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேக்கும். பெரிய கொட்டகையில பாட்டு வரி வெளங்காட்டியும் ஆட்டத்தப் பாத்துட்டுப் போயிடுவாங்க. இங்க மறைஞ்சுக்க இடமே இல்ல. வார்த்தை சப்புன்னு இருந்தா சப்புன்னுதான் விழும்.

இப்ப அவரு எப்படி எழுதினாருங்கறது. என்னைக் கேட்டா இதுதான் இந்தக் கதையிலயே ருசியான இடம். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டாங்கற சண்டை அங்கயும் உண்டு. அவருக்கு முந்தின தலைமுறையில இங்கிலீஷ் மேடையோட ராஜா டபிள்யூ.எஸ். கில்பர்ட். அவரு வார்த்தைய முதல்ல எழுதிக் குடுப்பாரு, சல்லிவன் அதுக்கு மெட்டு போடுவாரு. மெட்டு முதல்ல வந்துட்டா உருப்படியா எழுத முடியாதுன்னு கில்பர்ட் கட்சி. வுட்ஹவுஸ் இதுல நேர் எதிர். மெட்டு முதல்ல வேணும்னு கேட்டு வாங்கினவரு. கெர்ன் பியானோவுல வாசிச்சுக் காட்டணும், இவரு அதைக் காதுல வாங்கிட்டுப் போயி எழுதுவாரு.

காரணம் அவரே ஒரு கடுதாசியில சொல்லியிருக்காரு. என் தமிழ்ல சொல்றேன்: மெட்டு இல்லாம எழுதினா, பத்திரிகையில வர்ற வேடிக்கைக் கவிதை மாதிரி ரொம்ப ஒழுங்கான சந்தத்துல போயி விழுந்துடறேன். மெட்டு இருந்தா, அதுல எந்த எடம் உச்சம்னு தெரியும், பாட்டு வரியோட உச்சத்தையும் அங்க கொண்டு போயி வைக்கலாம்.  இதான் அவரு சொல்றது. தத்தகாரத்துக்கு எழுதிப் பழகினவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். நம்ம ஊர்ல குறில் நெடில் இடிச்சா பாட்டு இடறும் இல்லியா? இங்கிலீஷ்ல ஒரு சொல்லுக்குள்ள எந்த அசையில அழுத்தம் வருதோ, அது மெட்டோட அழுத்தத்துல போயி உக்காரணும். இடம் மாறினா கேக்கறவன் முகம் சுளிப்பான்.

ஒரே ஒரு உதாரணம். 1917ல 'லீவ் இட் டு ஜேன்'னு ஒரு நாடகம். காலேஜ், ஃபுட்பால், காதல்னு போற கதை. அதுல க்ளியோபாட்ராவப் பத்தி ஒரு கிண்டல் பாட்டு. பாடறது யாருன்னா ஃப்ளோரான்னு ஒரு பொண்ணு. பையன்க தங்கற போர்டிங் ஹவுஸ் நடத்தற அம்மாவோட மக. பெரிய படிப்பு கிடையாது. அந்தப் பொண்ணு வாயில ராணியோட பேரு "க்ளியோபாட்டரர்"னு வருது. பாட்டோட தலைப்பே அதுதான். பாருங்க, ஒரு அசை கூடிப் போச்சு. வரி துள்ளுது, பேசறது யாருன்னும் தெரிஞ்சு போச்சு. அடுத்து, எகிப்துக்காரங்களுக்கு ஸ்பிங்க்ஸ் சிலையை விட்டா வேடிக்கை பாக்க வேற என்ன இருந்துச்சு, இந்த ராணியால ஒண்ணு கெடச்சுதுன்னு ஒரு வரி. அங்க "ஸ்பிங்க்ஸ்"க்கு இயைபா "கிங்க்ஸ்"னு போடறாரு. "கிங்க்"னா அன்னிய அமெரிக்கத் தெருப் பேச்சுல "அந்தாளு", "பயபுள்ள"ங்கற மாதிரி. ஆயிரக்கணக்கான வருஷத்துச் சரித்திரத்துப் பக்கத்துல ஒரு தெருமுனைச் சொல்ல ஒட்ட வைக்கறது. ஜீவ்ஸ் கதையில பெர்ட்டி ஷேக்ஸ்பியர அரைகுறையாச் சொல்லிக் கவுக்கறானே, அதே கைவரிசைதான்.

மூணு பேரும் சேந்து போட்டதுல வெற்றின்னா 'ஓ, பாய்!'. 1917 பிப்ரவரில பிரின்சஸ்ல ஆரம்பிச்சு மொத்தம் 463 காட்சி. 'ஜேன்' நாடகமும் பிரின்சஸ்ல வர வேண்டியதுதான், இது நகராம ஓடிக்கிட்டிருந்ததால லாங்ஏக்கர் தியேட்டருக்குப் போயிடுச்சு. 'ஓ, பாய்!'ல மழை பேய்ஞ்சுக்கிட்டே இருக்கற ராத்திரி ஒரு பாட்டு வரும், 'டில் தி க்ளவுட்ஸ் ரோல் பை'ன்னு. போலீஸுக்குப் பயந்து ஜன்னல் ஏறிக் குதிச்ச ஒரு பொண்ணு, அவளுக்கு ரூமை விட்டுக் குடுத்துட்டு வெளிய போகப் பாக்கற பையன், வெளிய கொட்டற மழை. அந்தச் சூழ்நிலைதான் பாட்டே. காதல் டூயட் மாதிரி கேக்கும், ஆனா ரெண்டு பேரும் காதலர்களே இல்ல.

எல்லாமே ஓடல. அதே 1917 கடைசியில 'மிஸ் 1917'னு பெரிய செலவுல ஒண்ணு போட்டாங்க, கவுந்துடுச்சு. ஒத்திகைக்குப் பியானோ வாசிக்க வந்த 19 வயசுப் பையன் பேரு ஜார்ஜ் கெர்ஷ்வின், பின்னாடி பெரிய இசையமைப்பாளரா ஆனவரு. அதுக்குத்தான் அதை ஞாபகம் வச்சுக்கணும்.

பிப்ரவரி 1918ல 'ஓ, லேடி! லேடி!!'. அதோட மூணு பேரும் பிரின்சஸ்ல கூடினது முடிஞ்சுது. அப்புறம் அங்கங்க வேலை. 1924ல கெர்னோட கடைசியா ஒண்ணு, 1928ல 'ரோசலி', 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்'. 1934 'எனிதிங் கோஸ்'ல இவரு பேரு இருக்கும், ஆனா அது பாட்டுக்கில்ல, போல்டனோட சேந்து எழுதின கதை வசனத்துக்கு. அதுவும் பாதியில மாறிப் போச்சு. இவங்க கதையில கப்பலுக்கு ஆபத்து வரும். அந்தச் செப்டம்பர்ல மாரோ கேசில்ங்கற கப்பல் நெஜமாவே நியூஜெர்சி பக்கம் தீப்பிடிச்சு நூத்துக்கு மேல செத்துட்டாங்க. அதுக்கப்புறம் அதை வச்சு யாரு சிரிப்பாங்க? வேற ஆளுங்கள வச்சுத் திருத்தி எழுதினாங்க.

"ஜீவ்ஸ் கதை எழுதினவரையா சொல்றீங்க"ன்னு கேட்டீங்களே, அதுக்கும் பதில் இதுலயே இருக்கு. ஜீவ்ஸ் முதல் தடவையா தலை காட்டற சிறுகதை 1915 செப்டம்பர். பிரின்சஸ் சந்திப்புக்கு மூணே மாசம் முன்னாடி. அந்தக் கதையே, நியூயார்க் மேடையில ஆடற பொண்ணு பின்னாடி போயிட்ட ஒரு சொந்தக்காரப் பையனைக் கூட்டிட்டு வான்னு பெர்ட்டிய அத்தை அனுப்பற கதை. பின்னாடி ஒரு கடுதாசில, "நான் எழுதற நாவல் இசை இல்லாத மியூசிக்கல் காமெடி"ங்கற அர்த்தத்துல அவரே சொல்றாரு. பாத்திரங்களைச் சம்பளத்துக்கு நடிக்கற நடிகர்கள்னு நெனச்சுக்குவாராம். பெரிய நடிகருக்கு ரெண்டே சீன் குடுத்தா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு இல்லியா, அதனால நல்ல பாத்திரத்துக்கு நல்லா வேலை வைக்கணும். இது மேடையில கத்துக்கிட்ட பாடம். அதனால நாவல்காரர் பாட்டும் எழுதினாருன்னு பாக்காதீங்க. பாட்டெழுத்துல பழகின கையிதான் அந்த நாவல்களை எழுதிச்சு. இது என் கருத்து, மறுக்கறவங்க இருப்பாங்க.

அடுத்து, ஏன் ஒரு பாட்டுகூட நம்ம காதுல விழலைங்கறது. ஒரு காரணம், அந்தப் பாட்டுங்க கதையோட தசைய ஒட்டிக்கிட்டு இருக்கும். ஃப்ளோராவும் போர்டிங் ஹவுஸும் இல்லாம க்ளியோபாட்டரர் பாட்டுக்குப் பாதி ருசிதான். ரெண்டாவது, அமெரிக்காவுல அப்ப நாடகத்தை அதே நடிகர்கள் குரல்ல முழுசா ரெக்கார்டு போடற பழக்கம் வரல. நாடகம் எறங்கினா பாட்டும் எறங்கிடும். ஆனா தொழில்ல இருந்தவங்களுக்குத் தெரியும். பின்னாடி பெரிய இசையமைப்பாளரா ஆன ரிச்சர்ட் ராஜர்ஸ், சின்னப் பையனா 'வெரி குட் எடி'ய திரும்பத் திரும்பப் போயிப் பாத்தவரு. அவரோட பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டுக்கு முன்னாடி, பாட்டு கேக்கறவங்க புத்திக்கு மரியாதை குடுத்து எழுதினது வுட்ஹவுஸ் ஒருத்தர்தான்னு ராஜர்ஸ் சொல்லியிருக்காரு.

ஆனா "ஒரு பாட்டுகூட"ன்னு சொன்னீங்க பாருங்க, அது சரியில்ல. ஒண்ணு உங்க காதுல விழுந்திருக்கலாம், அவருதுன்னு தெரிஞ்சிருக்காது. பாட்டு பேரு 'பில்'.

'ஓ, லேடி! லேடி!!'க்காக எழுதினது. கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு தன் ஆளைப் பத்திப் பாடறா. அவங்க பாட்டுல முதல்ல கதை சொல்ற மாதிரி ஒரு சரணம் வந்துட்டுத்தான் பல்லவி வரும், நம்ம முறைக்குத் தலைகீழ். சரணத்துல அவ, புஸ்தகத்துல படிச்ச வீரன் மாதிரி, பெரிய அறிவாளியா, தெய்வாம்சமா ஒருத்தன் வருவான்னு கனவு கண்டதைச் சொல்றா. பல்லவில வந்து நிக்கறது பில். தெருவுல எதிர வந்தா யாரும் திரும்பிப் பாக்காத ஆளு. சிலை வடிக்கற மூஞ்சி இல்ல, மூளையும் சுமார். அப்புறம் ஏண்டி அவன்னு கேட்டா, அவளுக்குச் சொல்லத் தெரியல. அவன் என் பில், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டை 1918ல நியூயார்க் மேடை ஏறறதுக்கு முன்னாடியே தூக்கிட்டாங்க. ஒம்போது வருஷம் சும்மா கெடந்துச்சு. 1927 டிசம்பர் 27, கெர்னும் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் போட்ட 'ஷோ போட்' ஸீக்ஃபெல்ட் தியேட்டர்ல அரங்கேற்றம். அதுல ஜூலின்னு ஒரு பாத்திரம். கறுப்பின ரத்தம் கலந்தவங்கறதால கப்பல் மேடைய விட்டு வெளியேற வேண்டி வந்தவ. கட்டினவனும் விட்டுட்டுப் போயிட்டான். குடியில விழுந்து, சிகாகோவுல ஒரு கிளப்புல ஒத்திகைக்கு நிக்கறா. ஜூலியா நடிச்ச ஹெலன் மார்கன் பியானோ மேல உக்காந்து, இந்தப் பாட்டைப் பாடறாங்க. ஹாமர்ஸ்டைன் சில வரியத் திருத்தியிருக்காரு, ஆனா எலும்பு வுட்ஹவுஸோடது. புதுப் பொண்ணு தமாஷாப் பாட வேண்டிய பாட்டு, எல்லாம் போன ஒருத்தி வாயில வந்ததும் அர்த்தமே மாறிப் போச்சு. இணையத்துல ஹெலன் மார்கன் குரல்லயே இருக்கு, இந்த வீடியோ முடிஞ்சதும் கேளுங்க. காரணம் சொல்ல முடியாம அவங்க ஒரு நொடி தடுமாறற எடம் வரும், அங்க கவனிங்க.

'ஷோ போட்'ல மத்தப் பாட்டெல்லாம் ஹாமர்ஸ்டைன்ங்கறதால, இதுக்கும் எல்லாரும் அவரையே பாராட்டிக்கிட்டிருந்தாங்க. 1946ல நாடகத்தைத் திரும்பப் போட்டப்ப, நிகழ்ச்சித் தாள்ல அவரே தனியா ஒரு குறிப்பு அச்சடிச்சாரு: 'பில்' பாட்டு பி.ஜி. வுட்ஹவுஸ் எழுதினது, அவருக்குச் சேர வேண்டிய பாராட்டு எனக்கு வந்துக்கிட்டிருக்குன்னு.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.