ஒரு பொத்தானுக்குப் பதினோரு நிமிடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும் நாளில், இனி இவருக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் வீட்டிலுள்ளவர்கள் காத்திருப்பார்கள். வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் தடைப்பட்டு, மூன்று வாரத்துக்குப் பின் என் தந்தை வீடு திரும்பியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். சட்டையை நானே மாட்டிவிட்டேன். தண்ணீர்க் குவளையை நானே வாயருகே பிடித்தேன். அவர் ஒரு சொல்லுக்குத் திணறினால் அந்தச் சொல்லையும் நானே எடுத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், மடங்கிக் கிடந்த அவருடைய விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு நீங்கள் வேலையே கொடுக்கவில்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் வலிதான் இன்று என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பக்கவாதங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 இரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. மற்றவை இரத்தக் கசிவால் வருபவை. எப்படி வந்தாலும் இறந்த மூளைச் செல்கள் திரும்புவதில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகளும், சில வேளைகளில் மூளையின் மறுபாதியும், இழந்த வேலையை மெல்லக் கற்றுக்கொள்கின்றன. அந்தக் கற்றல் பெரும்பாலும் திரும்பத் திரும்பச் செய்வதால் நிகழ்கிறது. பாதிக்கப்பட்ட கையால் முயன்று தோற்றவர் நல்ல கையையே நாடுகிறார். நாளடைவில் மூளை மற்றக் கையைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று அழைத்தார். இதை முறிக்க, நல்ல கைக்கு உறையிட்டு, இரண்டு வாரம் பலவீனமான கையையே பழக்கும் சிகிச்சையை 222 பேர் பங்கேற்ற ஆய்வில் சோதித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள், அந்தக் கையில் ஓரளவேனும் அசைவு மிஞ்சியிருந்தவர்கள். ஓராண்டுக்குப் பிறகும் அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக நடக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஆறு மாதம் கடந்தால் இனி ஒன்றுமில்லை என்று எவரேனும் சொன்னால், அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்.

எனக்குப் பெரிய துணையாக நின்றது ஒரு வீட்டின் கதை. பெத்ரோ பாக்-இ-ரீத்தா கவிஞர், நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியர். 1950களின் இறுதியில் அவருக்குப் பக்கவாதம் வந்து, மருத்துவமனைப் பயிற்சியால் பெரிதாகப் பயன் விளையாதபோது, மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தன்னிடம் அழைத்துச் சென்றார். ஜார்ஜுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை முறைகள் தெரியாது. குழந்தை முதலில் தவழ்ந்துதானே நடக்கிறது என்று எண்ணித் தந்தையைத் தவழ வைத்தார். கோலிக்குண்டுகளை உருட்டி, பலவீனமான கையால் பிடிக்கச் செய்தார். பாத்திரம் கழுவுவதைக்கூடக் கையைச் சுழற்றும் பயிற்சியாக்கினார். பெத்ரோ மீண்டும் பாடம் நடத்தும் அளவுக்குத் தேறினார். சில ஆண்டுகள் கழித்து மலையேற்றத்தின்போது அவர் மாரடைப்பால் இறந்தபின், மூளையை ஆராய்ந்தவர்கள் மூளைத்தண்டில் பெருஞ்சேதம் அப்படியே இருந்ததைக் கண்டார்கள். சேதம் ஆறவில்லை, மனிதர் தேறியிருந்தார். இன்னொரு மகன் பால், மூளையின் மாறும் தன்மையை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர்.

ஒரு பயிற்சி அமர்வில் கைக்கான செயல்கள் சராசரியாக 32 முறைதான் செய்யப்படுகின்றன என்று அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணிய ஆய்வு ஒன்று சொல்கிறது. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய சோதனைகளிலோ நாளொன்றுக்குப் பல நூறு முறை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய நேரம் வீட்டில்தான் இருக்கிறது. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் உருவ வேண்டும். இதை அறிந்த பிறகு நான் சட்டையை அவரிடமே கொடுத்தேன். முதல் பொத்தானுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பதினோரு நிமிடத்தைப் போல் கடினமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். விழுங்குவதில் ஒருபோதும் துணிச்சல் காட்டக் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் சிலருக்கு இருமலே வராது. காய்ச்சலும் நிமோனியாவும் வந்த பிறகே தெரியும். ஆகவே பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பதத்தில்தான் உணவும் நீரும் தர வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கக் கூடாது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தசைகளின் பிடி தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும், பலவீனமான பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும்.

பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவரல்லர். அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதைக் காணும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள். காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உண்மையான மனச்சோர்வே வருகிறது. பயிற்சிக்கு எழ மறுப்பவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

வந்தது மீண்டும் வராதிருக்க இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். நன்றாயிருக்கிறது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. என் தந்தை இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை வலக்கையால் தாமே நிரப்புகிறார். சில மாத்திரைகள் கீழே உருண்டோடும். அவற்றையும் அவரே தேடி எடுக்கிறார். அவர் மூடியபின் நான் ஒருமுறை திறந்து எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.