கொயோட்டி கல்ச்: பாலைவனப் பள்ளத்தாக்குல ஒரு அக்டோபர் ராத்திரி

வணக்கம் மக்களே. இன்னைக்கு நாம பாக்கப்போறது அமெரிக்காவுல யூட்டா மாநிலத்தோட தெக்குப் பக்கம் இருக்குற கொயோட்டி கல்ச். எஸ்கலான்டே ஆத்துல போய்ச் சேர்ற ஒரு சின்ன ஓடை, அது பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கின பள்ளத்தாக்கு இது. ஒரே நாள்ல விறுவிறுன்னு போய்ப் பாத்துட்டுத் திரும்புறவங்களும் இருக்காங்க, ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. சாயங்காலம் நாலு மணிலேருந்து மறுநாள் காலைல ஒம்பது மணி வரைக்கும் அந்த இடம் எப்படி மாறுதுங்கறதுதான் அங்க பாக்க வேண்டியதே, அதுக்கு உள்ள ஒரு ராத்திரி தங்கியே ஆகணும்.

எப்ப போகலாம்? என்னைக் கேட்டா அக்டோபர் கடைசி. கோடைல வெயில் ஆளைக் கொன்னுடும், ஜூலைலேருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் திடீர்னு இடி மழை கொட்டுற சீசன், வசந்தத்துல கூட்டம் அதிகம். அக்டோபர் கடைசில பகல் 18 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், நடக்கறதுக்கு அவ்வளவு சுகம், ஓடையோரத்து காட்டன்வுட் மரமெல்லாம் மஞ்சளா மாறிப்போய் நிக்கும்.

[திரையில்: வரைபடம்]

எஸ்கலான்டேங்கற சின்ன ஊர்லேருந்து ஹைவே 12-ல கிழக்கால சுமார் 5 மைல் போனா ஹோல்-இன்-தி-ராக் ரோடு பிரியும். 1879-80 குளிர்காலத்துல மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் கொலராடோ ஆத்தைக் கடக்க வழி தேடி வண்டி கட்டிட்டுப் போன தடம்தான் இன்னைக்கு அந்த ரோடு. பெரும்பாலும் தார் கிடையாது, வண்டி தடதடன்னு குலுங்கிட்டே போகும், சுமார் 34 மைல் தாண்டினா ஹரிக்கேன் வாஷ்ங்கற காஞ்ச ஓடை, நாம நடக்க ஆரம்பிக்கிற இடம். மழை பேஞ்சிருந்தா இந்த ரோட்டுல இறங்காதீங்க, களிமண் நனைஞ்சா டயர் பிடிக்காது.

உள்ள தங்கறதுக்கு பர்மிட் கட்டாயம், எஸ்கலான்டே ஊர்ல இருக்குற விசிட்டர் சென்டர்லயே வாங்கிடுங்க, ரோடு எப்படி இருக்கு, மழை வருமான்னும் அங்கயே கேட்டுக்கலாம். குழுவுக்கு 12 பேர் வரைக்கும்தான், நாய் கூட்டிட்டுப் போகக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது. இன்னொண்ணு, மலம் கழிச்சா அதுக்குன்னு இருக்குற பையில கட்டி வெளிய எடுத்துட்டு வந்துடணும். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா குறுகலான பள்ளத்தாக்கு, ஓடைக்குப் பக்கத்துல எங்க புதைச்சாலும் அது தண்ணில போய்க் கலக்கும், அந்தத் தண்ணியைத்தான் அடுத்தவங்க குடிக்கணும்.

சரி, நடக்க ஆரம்பிக்கலாம். முதல் சில மைல் காஞ்ச மணல், தண்ணியே இருக்காது, மழை பேஞ்சா மட்டும் ஓடுற ஓடை அது. ஓரத்துல மண்ணு மேல கருப்பா பொருபொருன்னு ஒரு ஏடு தெரியும், அது நுண்ணுயிர்கள் சேர்ந்து உண்டாக்கின உயிருள்ள மண், ஒரு தடவை மிதிச்சா பழையபடி ஆக ரொம்ப வருஷம் பிடிக்கும், அதனால ஓடை மணல்லயே நடங்க. போகப்போக ரெண்டு பக்கமும் சுவர் உயரும், காலடில மணல் ஈரமாகும், அப்புறம் ஒரு கோடு மாதிரி தண்ணி, ஹரிக்கேன் வாஷ் போய் கொயோட்டி கல்ச்ல சேர்ற சுமார் 5-வது மைல்ல கணுக்கால் நனையுற அளவுக்கு நிஜமாவே ஒரு ஓடை ஓடிட்டு இருக்கும்.

மேல மழையே இல்ல, பாலைவனம், அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?

[திரையில்: பாறை அடுக்குகள், குறுக்கு வெட்டு]

அங்க உயரமா நிக்கிற சுவர் நவாஹோ மணற்கல். சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி இது பெரிய மணல் மேடுகளா இருந்துச்சு. சுவர் பக்கத்துல போய்ப் பாத்தீங்கன்னா சாஞ்ச சாஞ்ச கோடா தெரியும், காத்து மணலைத் தள்ளித்தள்ளிக் கொட்டின சரிவுதான் அப்படியே கல்லா நிக்குது. மணல் கல்லானதால நடுவுல நுண்ணுன்னு நுண்ணுன்னு இடைவெளி இருக்கு, மேல எப்பவோ பேஞ்ச மழையும் உருகின பனியும் அதுக்குள்ள மெதுவா, ரொம்ப ரொம்ப மெதுவா இறங்கும். கீழ இருக்குற அடுக்கு கயென்டா, அதுல வண்டலும் களியும் கலந்திருக்கு, தண்ணியை லேசுல விடாது. இறங்கி வந்த தண்ணிக்குக் கீழ போக வழியில்ல, பக்கவாட்டுல நகர்ந்து, பள்ளத்தாக்கு சுவரை அறுத்திருக்குற இடத்துல மண்பானை கசியுற மாதிரி கசியும். அந்தக் கசிவுதான் ஓடை. சுவர்ல ஒரே நேர்கோட்டுல பச்சையா ஃபெர்ன் செடி தொங்குதுன்னா, ரெண்டு பாறையும் சந்திக்கிற கோடு அதுதான்னு புரிஞ்சுக்கலாம்.

அதே கசிவு இன்னொரு வேலையும் செய்யுது. மணலை ஒட்ட வச்சிருக்குற சுண்ணாம்பு கரையக் கரைய சுவரோட அடிப்பகுதி தளர்ந்து, மேல இருக்குற பாறை பாளம் பாளமா விழுது, கடைசில சுவருக்குள்ள குடைஞ்ச மாதிரி பெரிய குகை உண்டாகுது. ஜேக்கப் ஹாம்ப்ளின் ஆர்ச்ங்கற இயற்கையான பாறை வளைவு பக்கத்துல அப்படி ஒண்ணு இருக்கு, ஹரிக்கேன் வாஷ்லேருந்து சுமார் 7 மைல், ராத்திரிக்கு இங்க தங்கலாம். மூணு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துடுங்க, ஏன்னா அக்டோபர்ல சூரியன் சீக்கிரமே சுவருக்குப் பின்னாடி போயிடும், மேல வானம் வெளிச்சமா இருக்கும்போதே கீழ குளிர ஆரம்பிச்சுடும். எதிர் சுவர்ல வெயில் பட்டு அந்தச் சிவப்பு இந்தப் பக்கம் நிழல்ல இருக்குற பாறை மேல விழும், ஒரு மணி நேரம் வேற எந்த வேலையும் வச்சுக்காம உக்காந்து பாருங்க.

டென்ட் எங்க போடுறது? ஓடையை ஒட்டிப் போடாதீங்க. ஒண்ணு, வெள்ளம்: மழை உங்க தலைக்கு மேல பெய்யணும்னு அவசியமில்ல, பல மைல் தள்ளி பேஞ்சாலும் தண்ணி இங்கதான் வரும். சுவர் இடுக்குல, மரக்கிளைல குச்சியும் புல்லும் சிக்கியிருக்குறதைப் பாருங்க, போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கும் மேல இருக்குற மேட்டுல போடுங்க. ரெண்டாவது, குளிர்: குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரில அப்படியே வழிஞ்சு வந்து அடித்தளத்துல தேங்கும். ஊர்ல 2, 3 டிகிரி இருந்தா பள்ளத்தாக்கு அடில உறையுற அளவுக்குப் போகலாம், கொஞ்சம் ஏறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும். ஸ்லீப்பிங் பேக் அதுக்குத் தகுந்ததா இருக்கட்டும். தண்ணி ஃபில்டரையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வச்சுத் தூங்குங்க, ஃபில்டருக்குள்ள இருக்குற தண்ணி உறைஞ்சா ஃபில்டர் வெளிய தெரியாமலே வீணாயிடும்.

ராத்திரி அமைதியா இருக்கும்தான், ஆனா சத்தம் இருக்கு. டென்ட்டுக்குள்ள படுத்திருக்கும்போது மழை வந்துடுச்சோன்னு தோணும், அது காட்டன்வுட் இலை. ஒரு இலையைக் கையில எடுத்து காம்பை உருட்டிப் பாருங்க, உருளாது, தட்டையா இருக்கும், அதனாலதான் சின்னக் காத்துக்கே இலை பக்கவாட்டுல ஆடி சலசலன்னு அடிச்சுக்கும். அழகா செக்கச்செவேல்னு மூணு மூணு இலையா ஒரு செடி தெரிஞ்சா மட்டும் தொடாதீங்க, பாய்சன் ஐவி, தோல் கொப்பளிச்சுடும்.

காலைல டென்ட்டை அப்படியே விட்டுட்டு கை வீசிட்டு ஓடையோட இறங்கினா ரெண்டு மைலுக்குள்ள கொயோட்டி நேச்சுரல் பிரிட்ஜ். ஓடை வளைஞ்சு வளைஞ்சு போனதுல ஒரு வளைவு சுவரையே துளைச்சுட்டு நேரா போயிடுச்சு, அந்தப் பாலத்துக்கு அடியில தண்ணிலயே நடந்து போகலாம். அங்கேருந்து திரும்பி வந்து டென்ட்டைப் பிரிச்சு மூட்டை கட்டிட்டுக் கிளம்புங்க. ஆர்ச் பக்கத்துல பாறைக் கசிவுத் தண்ணி தெளிவா இருக்கும், ஓடைத் தண்ணில வண்டல் இருந்தா ஒரு பாத்திரத்துல தெளிய விட்டு அப்புறம் ஃபில்டர் பண்ணுங்க, எதுவானாலும் சுத்தம் பண்ணாம குடிக்காதீங்க. வாஷுக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கு 2 லிட்டராவது ரொப்பிக்கோங்க, அங்கேருந்து வண்டி வரைக்கும் வெறும் மணல்தான், போன் சிக்னலையும் நம்ப வேண்டாம், எப்ப திரும்புவோம்னு வீட்டுல யார்கிட்டயாவது கிளம்பும்போதே சொல்லி வச்சிருங்க.