பால் அட்டையும் பிளாக்செயினும்

நேயர்களுக்கு வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். பிளாக்செயின், தரவுப் பாதுகாப்பு இரண்டும் என் பாடங்கள், ஆராய்ச்சியும் அவற்றில்தான். பிளாக்செயின் என்றதும் "பிட்காயின் வாங்கலாமா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கிறார்கள். அந்த மின்னணுப் பணத்துக்கு நான் ஆள் இல்லை. நான் பேச வந்தது பிளாக்செயின் என்ற கணக்கு நோட்டைப் பற்றி.

கோபிசெட்டிபாளையம் பக்கம் என் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், ஊர். இரண்டு எருமைகள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார். அளவைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அமுச்சியின் அட்டையிலும் எழுதித் தருவார்கள். அமுச்சிக்கு எழுத்துத் தெரியாது. விடுமுறையில் போகும் நான்தான் அட்டையை வாசித்துக் காட்டுவேன்.

ஒரு முறை பட்டுவாடாவில் பணம் குறைந்தது. அமுச்சிக்கு மட்டுமல்ல, பலருக்கும். பதிவேட்டைப் பார்த்தால் அதிலும் குறைவாகத்தான் இருந்தது. மூன்று லிட்டர் இரண்டரை ஆகியிருந்தது. மை மட்டும் வேறு. மறுநாள் மாலை பெண்கள் எல்லாரும் அட்டையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக உரக்க வாசித்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. பதிவேடு ஒன்றுதான், அதைத் திருத்தியாயிற்று. முப்பது வீட்டு மாடங்களில் இருந்த அட்டைகளை யார் போய்த் திருத்துவது? பணம் வந்துவிட்டது. அமுச்சியின் அட்டையில் ஒரு நாள் எழுத்து மட்டும் சாணிக் கறை பட்டு அழிந்திருந்தது. அந்த அரை லிட்டருக்குக் காசு வரவில்லை. சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை வகுப்பில் ஆரம்பித்தால் "எருமை வந்துவிட்டது" என்று கடைசி வரிசையில் முணுமுணுப்பார்கள். வரட்டும். பிளாக்செயினில் பாதி அந்த எருமைதான்: ஒரே கணக்கு, பல வீடுகளில். ஒரு வித்தியாசம் உண்டு. பால் அட்டையில் அவரவர் கணக்கு மட்டும் இருக்கும். பிட்காயின் போன்றவற்றில் முழு நோட்டையும் யார் வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் நோட்டில் சாணி பட்டாலும் பக்கத்து வீட்டில் பிரதி இருக்கும்.

மீதிப் பாதி சங்கிலி. மளிகைக்கடை நோட்டில் ஒரு பக்கத்தின் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடங்குவார்கள் அல்லவா? மூன்றாம் பக்கத்தில் கை வைத்தால் நான்கு, ஐந்து என்று கடைசிவரை திருத்த வேண்டும். ஆனால் சாமர்த்தியசாலி ஒரு வரியில் பத்தைக் கூட்டி இன்னொரு வரியில் பத்தைக் குறைத்தால் தொகை மாறாது, திருட்டும் தெரியாது. ஆகவே தொகைக்குப் பதிலாக, பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் ஹாஷ் என்ற ஒன்றைக் கணித்து அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுகிறோம். பக்கம் எவ்வளவு நீளமானாலும் அது பொதுவாக 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கோவை முழுக்க வேறாகிவிடும்.

இதை முதலில் யோசித்தவர் பிட்காயினை உருவாக்கிய நகமோட்டோ அல்ல. 1991-லேயே ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் ஆவணங்களுக்குத் தேதி முத்திரையிட இப்படிச் சங்கிலி கோத்தார்கள். பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1995 முதல் வாரந்தோறும் அந்தக் கோவையை நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரமாகப் போட்டார்கள். ஊரெல்லாம் விற்ற நாளிதழை யார் திருத்த முடியும்? மறுபடியும் முப்பது மாடங்கள்தான். 2008-ல் வந்த நகமோட்டோவின் கட்டுரை மேற்கோள் காட்டுவது எட்டே எட்டுப் படைப்புகளை. அவற்றில் மூன்று இவர்களுடையவை.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். மாணவர்கள் ஆண்டுதோறும் "எல்லாவற்றுக்கும் பிளாக்செயின்" என்று புராஜெக்ட் கொண்டுவருகிறார்கள். வருகைப் பதிவேட்டுக்குக்கூட! எழுதுபவர் ஒருவர், அவரை எல்லாரும் நம்புகிறார்கள் என்றால் சாதாரணத் தரவுத்தளம் போதும். ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பலர் ஒரே கணக்கை எழுதும் இடத்தில்தான் இதற்கு வேலை. ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விவசாயி, மண்டி, அரவை ஆலை, ஏற்றுமதியாளர் எனப் பல கை மாறுகிறது. இங்கே பொருந்தும் என்று நம்பி என் மாணவிகள் மாதிரி ஒன்று செய்தார்கள். பார்க்க வந்த மண்டிக்காரர் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "சாக்குக்குள் வேறு ஊர் மஞ்சளைக் கலந்தால் உங்கள் சங்கிலிக்குத் தெரியுமா?" தெரியாது. எழுதியதை மாற்றினால் அது காட்டிக்கொடுக்கும். எழுதியதே பொய்யாக இருந்தால் அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காக்கும். இதை இன்னொரு முறையும் சொல்வேன். ஆய்வேட்டில் கோட்டைவிடும் இடம் இதுதான்: பொய்யையும் பத்திரமாகக் காக்கும்.

ஆட்களின் பெயர், ஆதார் எண், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றையும் பிளாக்செயினில் நேரடியாக ஏற்றக் கூடாது. 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் விவரத்தைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அழிக்க முடியாத நோட்டில் எழுதிவிட்டு எப்படி நீக்குவது? ஆவணத்தை வெளியே வைத்து, ஹாஷை மட்டும் உள்ளே எழுதுவது ஒரு வழி. அதிலும் சிக்கல்கள் உண்டு...

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கி. கடவுச்சொல்லைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வந்தேன், போயிற்று. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல், முதலில் அந்த எண். வணக்கம்.