வர்க்கிக்கு இ-பாஸ் கேட்ட ஐயாவுக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, இரண்டு அணி நண்பர்களே, வணக்கம்.

‘மலைக்காட்டையும் அதன் உயிர்களையும் அதிகம் வதைப்பவை பெரிய திட்டங்களா, நம் அன்றாடப் பழக்கங்களா?’ அன்றாடப் பழக்கங்களே என்று பேச வந்திருக்கிறேன். சுருக்கமாகப் பேசிவிட்டு அமர்வதாகத்தான் இருந்தேன். எதிரணிப் பேராசிரியர் ஐயா விடவில்லை.

எங்கள் அணியின் முதல் பேச்சாளர், கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்கு வர்க்கியை, நம் ஊர் மொறுமொறு ரொட்டியை, வீசுகிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசினார். அதற்கு ஐயா என்ன கேட்டார்? “ஒரு வர்க்கித் துண்டு விழுந்தால் நீலகிரி சரிந்துவிடுமா? விட்டால் இந்த அணியினர், மலைக்கு வரும் வண்டிக்குக் கேட்பதுபோல வர்க்கிக்கும் இ-பாஸ் கேட்பார்கள்!” நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். தட்டிய கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அத்தை கதையைச் சொல்கிறேன்.

அத்தைக்கு இங்கே கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு தேநீர்க் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரவு முறை என்றால் வீடு திரும்பப் பத்தரை ஆகும். ஒரு மழை இரவு, மின்சாரம் இல்லை. அடுக்களைப் பின்கதவில் ‘தொம்’ என்று ஒரு சத்தம்.

“வந்துவிட்டீர்களா? இருங்கள், விளக்கை எடுத்து வருகிறேன்” என்றார் அத்தை.

மறுபடியும் ‘தொம்’.

“கதவை உடைக்காதீர்கள்! போன மாதம்தானே ஆசாரிக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்?”

கதவுக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. ‘புஸ்... புஸ்...’ என்று மூச்சு மட்டும் கேட்கிறது. அத்தைக்குப் பாவமாகிவிட்டது. “இந்த மேட்டில் யார் உங்களை ஓடி வரச் சொன்னது?” என்று கேட்டபடியே தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டார். அப்போது முன்வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்கிறது: “யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?”

நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்துவிட்டீர்கள். கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, அவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். மாமா நிற்பது முன்வாசலில். மூச்சு வாங்குவது பின்வாசலில். அத்தையின் கை தாழ்ப்பாளில். இடையில் இருந்தது ஆசாரி செய்த அந்த எண்ணூறு ரூபாய்க் கதவு ஒன்றுதான்! இதையே மாமா சொல்லிக் கேட்க வேண்டும். “திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு நாளாவது இவ்வளவு கனிவாக என்னிடம் கேட்டிருக்கிறாளா? கரடியிடம் கேட்டாள்” என்பார்.

ஆம், கரடி. சன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். காலி வர்க்கித் தகரத்தை இரண்டு கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நம் காட்டுக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றுக்குள்ளிருந்து கறையானை உறிஞ்சும். அதே உறிஞ்சலைத் தகரத்தின் மூலையில் இருந்த தூளிடம் காட்டிக்கொண்டிருந்தது. முதுகு மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி. குட்டியை முதுகில் சுமந்து திரியும் விலங்கு அது.

சரி, அது ஏன் அத்தை வீட்டுக்கு வந்தது? ஐயா எழுந்து, “காட்டில் தீனி இல்லை, அதனால் வந்தது. காட்டை அழித்தது யார்? வெள்ளைக்காரன் போட்ட தேயிலை, அரசாங்கம் நட்ட சீகை மரம், கட்டிய அணை” என்பார். ஐயா, அவற்றை நான் மறுக்கவில்லை. புல்வெளியும் சோலையும் போனது பெரிய கைகளால்தான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கரடியை அந்தக் குறிப்பிட்ட கதவுக்குக் கூட்டி வந்த கை எங்கள் அத்தையின் கை. கடை மூடும் நேரத்தில் உடைந்த வர்க்கி, மிஞ்சிய சோறு, எண்ணெய்க் கசண்டு எல்லாவற்றையும் பின்னால் இருந்த குழியில் கொட்டுவார். “வாயில்லாச் சீவன்கள் தின்னட்டும்” என்பார். முதலில் காகம் வந்தது. அப்புறம் காட்டுப்பன்றி. மூன்றாவது மாதம் கரடி. இரவு முழுதும் புற்றுப் புற்றாகத் தோண்டித் தேட வேண்டிய கொழுப்பு, அத்தையின் குழியில் பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

அத்தை செய்தது பாவம் அல்ல, பாசம். என் வாதமே இதுதான் நடுவர் அவர்களே. மாட்டுக்கு வலி என்று டைக்ளோஃபினாக் ஊசி போட்டவர்களும் மாட்டின் மேல் இரக்கப்பட்டவர்கள்தான். அந்த மாடு செத்துக் கிடந்தபோது அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் நாடெங்கும் வானம் காலியாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நம் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பூ அழகாக இருக்கிறது, வேலிக்கு ஆகும் என்று யாரோ ஆசையாகக் கொண்டுவந்த உண்ணிச்செடி, முதுமலையில் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இவற்றில் எதற்கு ஐயா அடிக்கல் நாட்டு விழா நடந்தது?

இ-பாஸ் என்று கேலி செய்தீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். நல்லது. அந்தப் பாஸ் வண்டியை எண்ணும். வண்டியின் கண்ணாடியை இறக்கி வெளியே நீளும் கையை எந்தப் பாஸ் எண்ணும்? அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் வேடிக்கைக்குச் சொன்னதை நான் மெய்யாகவே கேட்கிறேன். வர்க்கிக்கும் ஒரு பாஸ் வேண்டும், அதை நம் வீட்டு அடுக்களையில்தான் வழங்க வேண்டும்! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. நாம் தேநீரில் நனைத்துத் தின்னட்டும். காட்டுக்கு வேண்டாம்.

இனிமேல் சொல்வதற்கு யாரும் சிரிக்க மாட்டீர்கள்.

அந்தக் கரடி அதன் பிறகு தினமும் வந்தது. அத்தை குழியை மூடிவிட்டார். அது கடைக் கதவுக்கு வந்தது. அடுத்த தெருவில் கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்தது. விடியற்காலையில் பால் ஊற்றப் போன ஒருவர் அதன் எதிரில் அகப்பட்டுக்கொண்டார். உயிர் பிழைத்தார், தோளில் பதினேழு தையல். ஊர் கொதித்தது, அதில் நியாயம் இருக்கிறது. வனத்துறையினர் கூண்டு கொண்டுவந்தார்கள். பலாப்பழம் வைத்தார்கள். இரண்டு இரவுகள் அது திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் அத்தையிடம் வந்து, “அம்மா, கடையில் வர்க்கி இருக்கிறதா?” என்று கேட்டார்.

அத்தை தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

காலையில் போய்ப் பார்த்தபோது தாயும் குட்டியும் உள்ளே இருந்தன. தாய் கம்பியை மோதி மோதி மூக்கில் இரத்தம். குட்டி மட்டும் அமைதியாக, தரையில் சிந்திய தூளை நக்கிக்கொண்டிருந்தது. கரடிக் குட்டி தாயோடு இரண்டு ஆண்டுக்கு மேல் சுற்றித்தான் எதைத் தின்பது, எங்கே தோண்டுவது என்று படிக்கும். அந்தக் குட்டிக்கு வாய்த்த பள்ளிக்கூடம் எங்கள் அத்தை வீட்டுக் குழி. அதற்குப் புற்றைத் தெரியாது. தகரத்தின் மூடியைத் திறக்கத் தெரியும்.

லாரியில் ஏற்றினார்கள். ஊரே நின்று பார்த்தது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் அந்த வனக் காவலரிடம் கேட்டார்: “எங்கே விடுவீர்கள் தம்பி?”

“அடர்காட்டில் அம்மா.”

“அங்கே அது என்ன தின்னும்? அந்தக் குட்டிக்குத் தோண்டத் தெரியுமா?”

லாரி கிளம்பிவிட்டது.

மணி அடிக்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. அவையோருக்கு ஒன்று மட்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் தேநீரும் வர்க்கியும் கொடுக்கப் போகிறார்கள். இந்த மண்டபத்தின் பின்பக்கம் இருக்கும் குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை, வரும்போது பார்த்தேன். மிஞ்சினால் மடித்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வணக்கம்.